ஐந்தாவது கிலோமீட்டர்

அடையாள அட்டையைக் காணோம். பெரியவள் அலமாரியைக் குடைந்தாள், தலையணைக்கு அடியில் துழாவினாள். கடைசியில் அம்மாவின் மருந்துப் பைக்குள், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளோடு அட்டையாக அது கிடந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். கட்டிலில் அம்மா கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு மூச்சு நின்றிருந்தது.

"இன்னைக்குமாடி வேலைக்குக் கிளம்புற?" என்றாள் சித்தி. அம்மாவின் கூடப் பிறந்தவள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள். "பெத்தவ இங்க கெடக்கா. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"நான் போகலன்னா சின்னவ வர முடியாது சித்தி."

"அவ விமானத்துல வர்றா. நீ போயா இழுத்துட்டு வரப்போற?"

இழுத்துக்கொண்டு வருவதைப் போலத்தான் அதுவும். வானத்தைப் பார்த்துச் சொல்வது பெரியவளின் வேலை. இங்கே எத்தனை கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் நகரத்தில் விமானம் கிளம்பும். அந்த வேலைக்கு இருப்பது இரண்டே பேர். இன்னொருவர் மனைவியின் பிரசவத்துக்கென்று லீவில் போய், சாலையில் மண் சரிந்ததால் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்.

"வேற யாரையாச்சும் அண்ணாந்து பாக்கச் சொல்லேன். மேகத்தப் பாக்க ஒரு படிப்பா?"

"படிப்புதான். ரெண்டு வருஷம் படிச்சேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். சண்டை போடவும் தெம்பில்லை. மூன்று நாளாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

வாசலில் நின்ற நர்ஸ் ஏற்கெனவே சொன்னதையே இன்னொரு தடவை சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரே குளிர்பெட்டி பழுதாகிக் கிடக்கிறது, வெயிலோ கொளுத்துகிறது, மூன்று மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது. அடுத்த விமானம் நாளை மறுநாள். ஆகவே சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதென்றால் இன்றைக்குப் பதினொரு மணி விமானத்தில் வந்து இறங்கினால்தான் உண்டு.

விமான நிலையம் பத்து நிமிட நடை. அந்தப் பெயர் அதற்குக் கொஞ்சம் தொளதொளப்பான சட்டை. ஒரே ஓடுபாதை, தகரக் கூரை போட்ட ஒரு கூடம், அதன் தலையில் கண்ணாடி வைத்த சின்ன அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று முறை பத்தொன்பது பேர் உட்காரும் விமானம் ஒன்று நகரத்திலிருந்து வரும். ஆனால் அப்பால் மலைக்குள் சிதறிக் கிடக்கும் முப்பது நாற்பது ஊர்களுக்கும் இதுதான் வாசல். வாத்தியார் என்றாலும் தடுப்பூசி என்றாலும் கோர்ட்டு நோட்டீஸ் என்றாலும் இந்தத் தகரக் கூரைக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நடக்கும்போது அவள் தங்கையை நினைக்கவில்லை, அம்மாவின் கடைசி ஒன்பது நாட்களைத்தான் நினைத்தாள். ஒன்பது நாளாக அம்மா கேட்டது ஒரே கேள்வி: "சின்னவ வந்துட்டாளா?" கஞ்சி ஊட்டினால் அந்தக் கேள்வி. துணி மாற்றினால் அந்தக் கேள்வி. அள்ளித் தூக்கித் துடைத்து ஆறு வருஷம் பார்த்தவள் கண் எதிரே நிற்க, வராதவளைத்தான் வாய் ஓயாமல் தேடியது. அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்றுதான் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். தங்கையின் அந்த ஆறு மாதம் ஆறு வருஷமாக வரவே இல்லை. "நாளைக்கு வருவா" என்று பெரியவள் அம்மாவிடம் சொன்னாள். தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னவளே போன் செய்து விசாரித்தபோதுகூட, "அப்படியேதான் இருக்கா" என்று வைத்துவிட்டாள். இத்தனை நாள் தேடாதவள் தானாகத் தெரிந்துகொண்டு வரட்டுமே என்ற வீம்பு. இப்போது அந்த வீம்பு தொண்டையில் சிக்கிய மாத்திரையாக உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

மொட்டை மாடியில் ஏறி நின்றாள். தூரத்தை அளக்க அங்கே கருவி ஏதும் கிடையாது, குறிகள்தான் உண்டு. தண்ணீர்த் தொட்டி ஒன்றரை கிலோமீட்டர். செல்போன் கோபுரம் மூன்று. அதையும் தாண்டி, விமானம் இறங்கி வரும் திசையில், மலைச்சரிவில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் வெள்ளைச் சுவர் ஐந்து. சுவர் தெரிந்தால் விமானம் இறங்கலாம். தெரியாவிட்டால் கூடாது.

ஒன்பதரைக்குச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல்களைக்கூட எண்ணலாம். அதற்கும் அப்பால் பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் மலைமுகடும் தெளிவாக இருந்தது. கீழே கண்ணாடி அறையில் இருந்த ரேடியோக்காரரிடம் "பத்து" என்றாள். நகரத்தில் விமானம் கிளம்பிவிட்டது என்று பத்தேகாலுக்கு அவர் சொன்னபோது, பெரியவளுக்குக் காலையிலிருந்து முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

பத்து நாற்பதுக்கு மேகம் சரிவில் இறங்கியது. காற்றுமில்லை, மழையுமில்லை. மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து, வேலை வெட்டி இல்லாதவன் திண்ணையில் வந்து உட்காருகிற மாதிரி பள்ளிக்கூடத்தின் மேல் உட்கார்ந்தது. கோபுரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெறும் வெளுப்பு.

"அம்மா, இன்னும் பன்னெண்டு நிமிஷத்துல தலைக்கு மேல வந்துடுவாங்க," என்று படிக்கட்டிலிருந்து ரேடியோக்காரர் குரல் கொடுத்தார். "பைலட் கேக்குறாரு. எவ்வளவு?"

"இருங்க, பாக்குறேன்."

பார்த்தாள். வெளுப்புக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்தமான வெளுப்பு ஒன்று இருப்பதாகத் தோன்றியது. அது சுவராகவும் இருக்கலாம், மேகத்தின் மடிப்பாகவும் இருக்கலாம், மூன்று நாள் தூங்காத கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது. இல்லை. தெரிகிறது என்று சொல்லத்தான் ஆசை என்றால் கண் அப்படிக் காட்டுமே என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று: தங்கைமேல் இத்தனை நாள் வைத்திருந்த ஆத்திரம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு சுவரை மறைக்கிறதோ? இருக்கிற சுவரை இல்லை என்று சொல்ல வைக்கிறதோ? தன் கண்ணையே நம்ப முடியாத நிலைமை அவளுக்கு இந்தப் பதினேழு வருஷத்தில் வந்ததில்லை.

தீயணைப்பு வண்டி ஓட்டும் மீசைக்காரரை மேலே கூப்பிட்டாள். அவருக்கு எல்லாம் தெரியும். யார் செத்தது, யார் வருவது, அத்தனையும் தெரியும்.

"அந்த ஸ்கூல் சுவர் தெரியுதா பாருங்க."

"தெரியுதுக்கா," என்றார், கண்ணைக் கொண்டுபோவதற்கு முன்பே. "நல்லாத் தெரியுது. சொல்லிடுங்க."

"எங்க? கைய நீட்டிக் காட்டுங்க."

மீசைக்காரர் கையை நீட்டினார். விரல் பள்ளிக்கூடத்துக்கு வெகுதூரம் இடது பக்கமாக, கல்குவாரியைக் காட்டியது. பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நல்ல மனுஷன். அவளுக்காக மலையையே நகர்த்தப் பார்க்கிறார்.

"அம்மா," என்று மறுபடியும் ரேடியோக்காரர். இந்தத் தடவை மேலேயே ஏறி வந்துவிட்டார். சற்று நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சுன்னா இறங்குவாங்க. நாலுன்னாகூட இறங்க மாட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அத அப்படியே சொல்லிடறேன். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அவர் சொன்னதன் பொருள் அவளுக்குப் புரிந்தது. ஐந்து என்று சொன்னால் போதும், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. விமானி அவள் வாய்ச்சொல்லை நம்பி அந்த மேகத்துக்குள் மூக்கைத் திருப்புவார். பின்னால் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருத்தி அழுது வீங்கிய முகத்தோடு.

"மூணு," என்றாள்.

ரேடியோக்காரர் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. விமானம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். ஒரு சுற்று சுற்றிற்று, இரண்டாவது சுற்று சுற்றிற்று. மேகம் நகர்ந்து வழிவிடுமா என்று பார்க்கிறார்கள். அண்ணாந்து நின்ற பெரியவள், சத்தம் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பினாள். மேலே தங்கை, அரை மைல் தள்ளி அம்மா, நடுவில் இவள். "போயேன், போய்த் தொலையேன்" என்று மேகத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். ஐந்தாவது சுற்றில் சத்தம் திசை மாறியது. மெலிந்து மெலிந்து நகரத்துப் பக்கமாகப் போய் நின்றுவிட்டது.

கீழே கூடத்தில் பேச்சு எழும்பியது. கண் ஆபரேஷனுக்காகக் கிளம்பி வந்த ஒருவர், மலையிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்ததாகக் கத்திக்கொண்டிருந்தார். யாரோ அவர் காதில் என்னவோ சொல்ல, அவர் சட்டென்று அடங்கிவிட்டார். அந்த அடக்கம் திட்டைவிட மோசமாக இருந்தது.

விமானம் திரும்பிப் போய் இருபத்தைந்தாவது நிமிடத்தில் மேகம் எழுந்தது. வந்த மாதிரியே எந்தக் காரணமும் இல்லாமல், எழுந்து போயே போய்விட்டது. வெள்ளைச் சுவர் வெயிலில் மின்னிற்று. ஜன்னல்களை எண்ணலாம். பெரியவள் பதிவேட்டை எடுத்து, மணி பதினொன்று ஐம்பது, தெளிவு பத்து கிலோமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சித்திக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

"சத்தம் கேட்டுச்சேடி! வந்துட்டா வந்துட்டான்னு நான் தெருவுக்கு ஓடினேன். நீதான் எறங்க வேணாம்னுட்டியாமே?"

"மேகம் சித்தி."

"மேகமா?" சித்தி வாசல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தாள். நீலமாக, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. "எங்கடி இருக்கு?"

பெரியவள் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டேகாலுக்குப் போன் அடித்தது. அந்த ஊரில் போனில் படம் ஓடாது, குரல் வந்தாலே பெரிது.

"அக்கா."

"சொல்லுடி."

"திரும்ப எறக்கி விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்துட்டேன்." சின்னவளின் குரல் கட்டிப்போயிருந்தது. "பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாரு, கீழ இருந்து பாக்குறவங்க சரின்னா எறங்கிடலாம்னு. எங்கக்காதான் பாக்குறான்னு நான் அவர்கிட்ட சொல்லல. நெஜமாவே தெரியலையாக்கா?"

"தெரியல."

"சரி. நீ சொன்னா சரிதான்."

திட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். சபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அதற்குத்தான் வரும் வழியெல்லாம் தயாராகிக்கொண்டு வந்தாள். இந்த 'சரிதான்' நேராக நெஞ்சில் போய் இடித்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அம்மா உன்னக் கேட்டாடி."

"எப்ப?"

"ஒம்பது நாளா. கண்ணத் தொறந்தா உன்னத்தான் கேட்டா. நாளைக்கு வருவா நாளைக்கு வருவான்னு நான் சொல்லிட்டே இருந்தேன். உனக்கு நான் சொல்லல. ஞாயித்துக்கெழம நீ கேட்டப்பவும் சொல்லல. அதுக்குள்ள நாலு விமானம் வந்துபோச்சு. நாலுக்கும் நான்தான் பாத்துச் சொன்னேன். நாலு நாளும் நல்லாத் தெரிஞ்சுது."

சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். போன் துண்டிக்கப்பட்டுவிட்டதா என்று பெரியவள் பார்த்தாள். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தூக்குவதற்கு வந்த நான்கு பேர் வாசலில் ஏறி, உள்ளே இருந்தவர்களின் முகங்களைப் பார்த்து அங்கேயே நின்றார்கள்.

பிறகு சின்னவளின் குரல் வந்தது. அது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இப்ப அம்மா பக்கத்துல இருக்கியா?"

"இருக்கேன்."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எனக்காக எதையும் கூட்டிக் கொறச்சுச் சொல்லாத. உள்ளத மட்டும் சொல்லு."

காலையிலிருந்து பெரியவள் அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. போர்வையை இழுத்துவிட்டாள், நாற்காலி போட்டாள், அட்டை தேடினாள், வானம் பார்த்தாள். இப்போது முட்டி போட்டு எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்தாள்.

"வாய் லேசாத் தொறந்திருக்கு," என்றாள்.

"ம்."

"மூக்குக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தின தடம் இருக்கு. வலது புருவம் கொஞ்சம் மேல ஏறியிருக்கு. ஏதோ கேக்க வந்த மாதிரி."

"ம். அப்புறம்?"

சித்தி வாசல் பக்கம் திரும்பி, நின்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினாள்.