நந்தினி அக்காவுக்கு வந்த கேள்வி

அதிகாலைச் சுரங்கச் சங்கு ஊதி ஓய்ந்தபோது, மந்தாரக்குப்பம் கடைவீதி மாடியறையில் காந்திமதி தன் விசைப்பலகையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நேற்றும் துடைத்தாள், நாளையும் துடைப்பாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் பேருந்தில் நின்றே வந்ததில் கால்கள் மரத்துப்போயிருந்தன.

அறையில் எட்டுப் பேர். பத்து மணிக்குள் இணையத்துக்கு ஆளுக்கு மூன்று விளம்பரப் பதிவு எழுத வேண்டும். விற்பவன் எவனோ, வாங்குபவன் எவனோ. அவனுக்காக இவனிடம் இனிக்க இனிக்கப் பேசுவதே அவர்களுடைய தொழில். கழுத்து இறுகும், கண் எரியும், விரல் மட்டும் ஓயாது. எழுதிய எதன் கீழும் எழுதியவர் பெயர் வராது.

முதலாளி சக்கரபாணி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூலிகைத் தூள் ஆர்ட்டிகிள் திரும்பி வந்துட்டுதும்மா. கம்பெனிக்காரங்களுக்குப் புடிக்கல."

"ரெண்டு நாள் அலைஞ்சு எழுதினதுங்க சார். மூச்சுத் திணறலுக்கு இந்தத் தூள் கேக்கும்னு ஆதாரமே இல்லன்னு டாக்டர் சொன்னாரு. அதத்தான் எழுதினேன்."

"அங்கதான் தப்பு பண்ணே! ஆர்ட்டிகிள்னா எவன் சொன்னான், எங்க சொன்னான்னு கேப்பான். பிளாக்குன்னா அந்தத் தொல்லை கெடையாது. 'எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டார், சரியாப் போச்சு'ன்னு எழுது, முடிஞ்சுது. நந்தினி அக்கா பேர்லயே போடு. போன மாசம் எவ்ளோ அழகா எழுதினே! வூட்லயே ஒருத்தர் இருமிக்கினு கெடக்கறாரு, உனக்குச் சொல்லியா தரணும்?"

எதிர்மேசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

நந்தினி அக்கா என்று ஒருத்தி உலகத்தில் இல்லை. இருந்தவை ஒரு புகைப்படமும் இந்த அறையில் எழுதிய சொற்களும்தான். போன மாதம் காந்திமதி அந்தப் பெயரில் எழுதிய பிளாக்கில், அதாவது வலைப்பதிவில், இரவெல்லாம் மூச்சுக்குத் தவித்துப் பிழைத்த கணவன் வேறு யாருமல்லன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அவள் கணவன் குமரவேல்தான். தவிப்பு உண்மை. அவனைப் பிழைக்க வைத்தது இன்ஹேலர். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தூளை வைத்தாள். வலைப்பதிவுதானே, யார் நம்பப் போகிறார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

"அக்கா..." வாசகர் கருத்துகளைக் கவனிக்கும் ஹுமா கூப்பிட்டாள். "இதக் கொஞ்சம் படிங்களேன்."

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சாமியம்மாள் என்பவர் எழுதியிருந்தார்: 'நந்தினி அக்கா, நீங்க சொன்ன மாதிரியே எங்க வூட்டுக்காரரு இன்ஹேலர வுட்டுட்டு தூள் சாப்புடுறாரு. ரெண்டு நாளா படுக்க முடியல, குந்திக்கினே இருக்காரு. இன்னும் எத்தினி நாள்ல சரியாவும் அக்கா?'

காந்திமதி அதை இரண்டாம் முறையும் படித்தாள். கட்டுரையைப் படிப்பவர் எடைபோடுவார். இந்த அம்மாளோ எடைபோடவில்லை. ஒரு பெண் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறாள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை அல்லவா முதலாளி சரக்காக விற்றார்! அதற்கல்லவா காந்திமதி தன் சொற்களைக் கொடுத்தாள்!

சக்கரபாணியும் படித்தார். "ஹுமா, அத அழிச்சிடு."

"பதில் போடணுங்க சார்," என்று எழுந்தாள் காந்திமதி. "அந்த மனுசன் உசுரு."

"போட்டா கம்பெனி போயிடும். கம்பெனி போனா உங்க எட்டுப் பேரு சோறும் போயிடும். ஒண்ணு சொல்றேன், நீங்க இல்லன்னா மெஷினே எழுதிட்டுப் போவுது!"

"எழுதட்டுங்க. இந்தம்மா கேட்டதுக்கு மெஷினா போயி பதில் சொல்லும்?"

ஹுமாவின் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் நின்றது. பிறகு மடியில் இறங்கியது. "நான் அழிக்க மாட்டேன் சார்."

காந்திமதி தட்டினாள்: 'அம்மா, இன்ஹேலரை உடனே கொடுங்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நந்தினி என்று யாரும் இல்லை. நான் எழுதியது பொய். காந்திமதி.'

"எம் பேரையும் போடுக்கா," என்றான் எதிர்மேசைச் செங்குட்டுவன். மூன்று வருடத்தில் முதலாளி முன்னால் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. "முடி எண்ணெய்க்கு நந்தினி அக்கா நாந்தான்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். ஒவ்வொரு பெயராக ஏறியது. எட்டாவது பெயர் ஹுமா. அவளே அனுப்பினாள்.

சக்கரபாணி மெயின் சுவிட்சை இறக்கினார். திரைகள் இருண்டன, மின்விசிறி தளர்ந்து நின்றது.

"வெளிய போங்க எல்லாரும்!"

"பொய்யா பிளாக் எழுதச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க சார், வேலையப் பாக்கறோம்," என்றாள் காந்திமதி. ஒருவரும் நகரவில்லை. புழுக்கத்தில் வியர்வை வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. மேல்பட்டாம்பாக்கத்தில் என்ன நடக்கிறதென்றும் தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து ஹுமாவின் கைபேசி ஒளிர்ந்தது. அவள் உரக்கப் படித்தாள்:

'ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். மூச்சுத் திணறல் கொஞ்சம் எறங்கிச்சு. நீங்கள்லாம் யாரு?'

எட்டுப் பேரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். காந்திமதி கைபேசியை வாங்கி, முதல் வரியிலிருந்து உண்மையை எழுதத் தொடங்கினாள்.