கரிசலில் நின்ற கேரவன்

மெர்வ் புதுக் கேரவனை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நோலீன் அடுப்பில் பூசணிக்காய் சூப் கிளறிக்கொண்டிருந்தாள். ஜன்னல் சட்டென்று வெள்ளையாகிப்போனது. எதிர்வீட்டையும் தெருவையும் காணோம். யாரோ வெளியே ஒரு சுவரைக் கொண்டுவந்து வைத்தது போலிருந்தது.

"வெளியே வந்து பாரு நோலி! உனக்காகத்தான் இது."

ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி, இருபத்துமூன்று அடி நீளம். உள்ளேயே கழிப்பறை, ஷவர், துணி துவைக்கும் மெஷின். கூரை முழுக்க சூரிய மின்தகடுகள். பின்பக்கம், நடுவில் நடைவழி விட்டு, இரண்டு ஒற்றைக் கட்டில்கள்.

"கட்டில் ஏன் ரெண்டா இருக்கு?"

"உன் முதுகுக்கு நல்லதுன்னுதான். நான் புரண்டு புரண்டு உன்னை எழுப்ப வேண்டாம் பாரு."

அவள் முதுகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மனிதர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் பூராவும் சிரிப்பாக நின்றார். "அழகா இருக்கு மெர்வ்" என்று சொல்லிவிட்டாள்.

மெர்வ் ஆஸ்திரேலியாவின் தெற்கே பாலரட் ஊரில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோலீன் பள்ளிக்கூட கேண்டீனை நடத்தியவள். அதுவரை அவர்களிடம் இருந்தது, கூரையைக் கையால் தூக்கி நிறுத்துகிற சின்னக் கேரவன். குளிர்காலம் வந்தால் அதை ஜீப்பில் மாட்டிக்கொண்டு வெயிலைத் தேடி வடக்கே கிளம்பிவிடுவார்கள். பாதி வழி அவர் ஓட்டுவார், பாதி வழி இவள். அதில் கழிப்பறை கிடையாது. அதனால் ஊருக்கு ஊர், பொதுக் கழிப்பறையோடு கேரவன்கள் வரிசையாக நிற்கிற கேரவன் பார்க்கில்தான் தங்க வேண்டும். அங்கே பொதுச் சலவை அறையில் துணி சுற்றி முடிகிற வரைக்கும் நோலீன் பேசாத பேச்சில்லை. யாருடைய மகள் விவாகரத்து வாங்கினாள், எந்தச் சாலையில் டயர் கிழிகிறது, எந்த ஊர் பேக்கரியில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி நன்றாக இருக்கும், எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

பெரிய கேரவன் வந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாட்டைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒரே ஒரு முறை அவள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு பெட்ரோல் நிலையத்தில் பின்னால் எடுக்கும்போது குப்பைத் தொட்டி நசுங்கியது. "இது உனக்குச் சரிப்படாது, விடு" என்று மெர்வ் ஜீப் சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சாவி அதற்குப் பிறகு வெளியே வரவேயில்லை.

கேரவன் பார்க்குக்கும் போவதில்லை. "எல்லாமே நம்மகிட்ட இருக்கே. எதுக்கு இன்னொருத்தன் கக்கூஸ் முன்னாடி வரிசையில நிக்கணும்?" என்பார். ஆளில்லாத ஆற்றங்கரையாகப் பார்த்து நிறுத்துவார். காலையில் அவள் எழுவதற்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு சட்டை துவைக்காத மனிதர், இப்போது போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் தானே துவைத்துத் தானே உலர்த்தினார். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த குஷி என்று முதலில் சிரித்தாள். நாள் போகப் போக, அந்தச் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றியது. வண்டி பெரிதாகப் பெரிதாக அவளுக்குப் பேச ஆள் குறைந்துகொண்டே வந்தது.

அந்த வருஷம் ஜூன் மாதம் குவீன்ஸ்லாந்தின் மேற்கே, பெடூரி என்ற சிற்றூருக்குப் போகும் வழியில், மெர்வ் பிரதான சாலையை விட்டு ஒரு பண்ணைத் தடத்தில் திருப்பினார். உள்ளே ஆற்று மடு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். இடம் அருமைதான். கூலிபா மரங்கள், நாரைகள், சத்தமே இல்லாத தண்ணீர். மூன்றாம் நாள் மதியம் மேகம் கூடியது.

"கிளம்பிடலாம் மெர்வ். இந்த மண்ணுல மழை விழுந்தா நகர முடியாது."

"நாலு தூறலுக்குப் பயந்து ஓடுறதா? இருந்து பாப்போம்."

தூறல் விடாமல் பெய்தது. மறுநாள் காலை அவரே பயந்து கிளம்பினார். கரிசல் மண் நனைந்து களிம்பு மாதிரி சக்கரத்தில் அப்பியது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ஜீப் ஒரு பக்கம் வழுக்கியது, கேரவன் மறுபக்கம் வழுக்கித் தடத்தோரப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. மெர்வ் கியரைப் போட்டு மிதிக்க மிதிக்கச் சக்கரம் கீழேதான் போனது. கடைசியில் எஞ்சினை அணைத்தார். ஆறு கிளை கிளையாகப் பிரிந்து எல்லாத் தாழ்விலும் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு செம்மணல் மேடு மட்டும் உலர்ந்திருந்தது. சுற்றிலும் பால் கலந்த தேநீர் மாதிரித் தண்ணீர். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், இரைச்சல்தான் வந்தது.

"சாப்பாடு இருக்கு, கூரை இருக்கு. இதுக்குத்தானே பெருசா வாங்கினேன்! பழைய டப்பாவா இருந்திருந்தா என்ன ஆயிருப்போம்?"

"பழைய டப்பாவா இருந்திருந்தா இங்க வந்திருக்கவே மாட்டோம்" என்றாள் நோலீன்.

சாய்ந்த கேரவனுக்குள் வாழ்க்கை ஆரம்பித்தது. மேசையில் வைத்த கோப்பை நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போகும். கதவு தானாகத் திறந்து தானாக அறையும். நோலீன் படுத்தால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்வாள். வெளியே இறங்கினால் முழங்கால் வரை சேறு, உள்ளே ஏறினால் மெர்வ். அவர் இந்தப் பக்கம் வந்தால் இவள் அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும். பகல் முழுக்க அவர் பழைய கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பேசினார். அவள் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு நாள் அவளுக்கு மூச்சு முட்டி, மழையிலேயே மணல் மேட்டில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரையும் கூப்பிடவில்லை, சும்மா கத்தினாள். இறங்கி வந்ததும், "என்ன, பாம்பா?" என்று கேட்டார் மெர்வ்.

அதற்கும் அடுத்த நாள் காலை, தேநீருக்குக் குழாயைத் திறந்தாள். இருமுவது போல ஒரு சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. மூலையில் மெஷின் அப்போதுதான் சுற்றி நின்றிருந்தது.

நோலீன் கெட்டிலைப் பாத்திரத் தொட்டிக்குள் வீசினாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? எப்ப வெளியே போவோம்னு தெரியாது. குடிக்கத் தண்ணி இல்ல. நீ விரிப்பு துவைச்சுக்கிட்டு இருக்க!"

"ஆத்துத் தண்ணியக் காய்ச்சிக்கலாம்."

"அந்தச் சேத்தையா? எதுக்குத் துவைக்கிற? தினம் தினம் எதுக்கு? எங்கூட ஒரு கட்டில்ல படுக்கப் பிடிக்கல, ஊர் ஜனத்தோட பேச விட மாட்டேங்குற, இப்ப தண்ணியும் இல்ல. என்னை எதுக்கு இந்தப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்க?"

மெர்வ் மெஷின் மேல் கையை ஊன்றி நின்றார். சாய்ந்த தரையில் நேராக நிற்க அவருக்கு அந்தப் பிடி தேவைப்பட்டது.

"நாப்பது வருஷம் ஊர்ல ஒழுகுன குழாயெல்லாம் அடைச்சேன் நோலி" என்றார். "என்னோடத என்னால அடைக்க முடியல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்தக் கேரவன் வாங்குவதற்கு முன்பு, புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் அவருக்குச் சிறுநீர் கசிகிற தொல்லை இருந்தது அவளுக்குத் தெரியும். சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்.

"சரியாகவே இல்லையா?"

"பகல்ல பரவாயில்ல. ராத்திரிதான். பார்க்குல அந்தக் கக்கூஸுக்கு நூறு அடி நடக்கிறதுக்குள்ள..." கையை விரித்தார். "சின்னக் குழந்தை மாதிரி. அதையும் உன் பக்கத்துல படுத்துக்கிட்டு."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது?"

நோலீன் உட்கார்ந்துவிட்டாள். அவர்மேல் இரக்கம் வந்தது. அதே மூச்சில் கோபமும் வந்தது. "உனக்காகத்தான், உனக்காகத்தான்னு சொல்லியே கூட்டிட்டு வந்த. நானும் எனக்கென்ன குறையோ, கிழவியாயிட்டேன் போலிருக்கு, வேண்டாம்னு தோணிடுச்சு போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டே படுத்துக் கிடந்தேன். அது தெரியுமா உனக்கு?"

அவருக்கு அது தெரியாது. அந்த வழியில் அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று மதியம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பண்ணைக்காரி லினெட், தண்ணீரில் மாட்டிய மாடுகளைத் தேடிப் பறந்துகொண்டிருந்தவள், இவர்களைப் பார்த்துவிட்டு மணல் மேட்டில் இறங்கினாள். மாடு ஓட்டுகிற சின்ன ஹெலிகாப்டர், கதவுகூடக் கிடையாது. அவளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை.

"மாடுதான் மாட்டும்னு நெனச்சேன், நீங்க வேறயா?" என்று சிரித்தாள் லினெட். "இந்தத் தடம் காய நாளாகும். ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போறேன். யாரு முதல்ல?"

"நோலி போகட்டும்" என்றார் மெர்வ். "நான் வண்டியப் பாத்துக்கிறேன்."

"இத யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்றாள் லினெட். "எங்க டிராக்டராலயே இப்ப அசைக்க முடியாது."

மெர்வ் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். அடுத்தவர் வீட்டுக் கட்டில்தான் அவருக்குப் பயம் என்று நோலீனுக்கு இப்போது தெரியும். அவளும் அவரோடு கூடவே இருந்திருக்கலாம். ஆனால் இருக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். மேலே எழும்பியதும் கேரவன் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. சுகமாகவும் இருந்தது.

பண்ணை வீட்டில் நீளமான சாப்பாட்டு மேசை. உப்பிட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெள்ளை சாஸ். சுற்றிலும் பண்ணையாட்கள்.

"உங்க வீட்டுக்காரர் கேரவனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்றான் ஒருவன்.

"ஆமா, நான்தான் தோழிப்பொண்ணு" என்றாள் நோலீன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாலு பேர் பேச்சு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

சாப்பிட்ட பிறகு லினெட்டை ஓரமாக அழைத்து, மெத்தைக்கு அடியில் போட பிளாஸ்டிக் விரிப்பு இருக்குமா என்று கேட்டாள். லினெட் ஏன் என்று கேட்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "எங்கப்பாவுக்கு வாங்கினது. குளியலறைக்குப் பக்கத்து ரூம எடுத்துக்கோங்க" என்றாள்.

மறுநாள் லினெட் தண்ணீர் கேன்களோடு பறந்து போனாள். மெர்வ் கேன்களை வாங்கிக்கொண்டார், வர மறுத்துவிட்டார். "ரொம்ப நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னார். ஆனா மேட்டு உச்சியில ஏறி இந்தத் திசையப் பாத்துத்தான் உட்கார்ந்திருந்தார்" என்றாள்.

"அடுத்த தடவ போகும்போது, குளியலறைக்குப் பக்கத்து ரூம், கட்டில் தயாரா இருக்குன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அதற்கு மறுநாள் அவர் வந்தார். கண் குழிவிழுந்து, தாடி முளைத்து, ஹெலிகாப்டரிலிருந்து தலை குனிந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு பை. உள்ளே ஈர விரிப்புகள். நோலீன் பையை வாங்கப் போனாள். அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. பண்ணையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கிழங்களும் ஒரு பையை இழுத்துக்கொண்டு நின்றன. கடைசியில் அவர் விட்டுவிட்டார். அவள் கொல்லைப்புறம் போய் விரிப்புகளை அலசிக் கம்பிக் கொடியில் காயப்போட்டாள்.

தடம் காய்ந்ததும் டிராக்டர் போய்க் கேரவனை இழுத்துப் போட்டது. அடித்தட்டு முழுக்கச் சேறு. ஒரு பக்க ஜன்னல் விரிசல். மற்றபடி வண்டி முழுசாகத்தான் இருந்தது. அதுதான் நோலீனுக்கு ஏமாற்றம். உடைந்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். வீட்டிலோ வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள், அடுத்த வருஷம் வரை காலி செய்யமாட்டார்கள். ஏறித்தான் ஆக வேண்டும்.

"சாவியக் குடு" என்றாள்.

"நோலி, இது மூணு டன்..."

"தெரியும். குடு."

குறுகின தடம். திரும்ப இடமில்லை, நிறுத்தவும் இடமில்லை. பின்னால் அந்தப் பெரிய வெள்ளைச் சுவர் கண்ணாடி முழுக்க நிறைந்து அவளைத் துரத்துவது போல வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெர்வ் பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்தார். "இடது பக்கம்... இடது..." என்றார். "வாய மூடு மெர்வ்" என்றாள். பிரதான சாலை வந்தபோது இரண்டு பேருக்கும் பேசத் தெம்பில்லை.

நேராக பெடூரி கேரவன் பார்க்குக்கு வந்தார்கள். நானும் என் கணவரும் அப்போது அங்கேதான் தங்கியிருந்தோம். பின்னால் எடுக்க வேண்டாத, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற மாதிரி இடமாகக் கேட்டு வாங்கி, கோணலாக நிறுத்தினாள் நோலீன். சாயங்காலம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் பேச ஆரம்பித்தவள்தான், நிறுத்தவில்லை. மேலே நான் சொன்னதில் பாதியை அன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். மீதியை மறுநாள் சலவை அறையில் என்னிடம் மட்டும், மெர்வ் மவுண்ட் ஐசா நகரில் டாக்டரைப் பார்க்கச் சம்மதித்த செய்தியோடு, சொன்னாள்.

அன்று கொஞ்ச நேரம் கழித்து மெர்வும் ஒரு நாற்காலியோடு வந்தார். வட்டத்தின் ஓரத்தில், கழிப்பறைப் பக்கமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் அங்கே உட்கார்ந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமே என்று, "புதுக் கேரவன் எப்படி இருக்கு தலைவா?" என்று கேட்டேன்.

"பெருசு" என்றார்.

மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று நோலீன் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பியரைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, என் கணவரிடம் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.