தீனி போடுவது யார்

பாண்டிச்செல்விக்கு மீன் வளர்க்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தங்கமீனையும் கண்ணாடித் தொட்டியையும் வாங்கி வந்தது, அக்காவிடம் கேட்பதற்கு ஒரு சந்தேகம் வேண்டும் என்பதற்காகத்தான்.

அக்கா சந்தனமாரி மூன்று வருடங்களுக்கு முன்பு, வேறு மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வர இருந்த வாரத்தில், அபிராமோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அபிராமுக்குத் திருப்பூணித்துறையில் வண்ணமீன் கடை. இந்த வீட்டிலிருந்து யாரும் அவளோடு பேசக் கூடாது என்றார் அப்பா தங்கதுரை. அதன்பின் அவள் பெயரையும் அவர் சொல்லவில்லை. அம்மா சொல்ல வந்து பாதியில் விழுங்குவாள். செல்வி ரகசியமாக அனுப்பிய இரண்டு செய்திகளுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவது அனுப்பத் துணிச்சல் இல்லை.

ஆனால் அந்தக் கடை வீடியோ போடும். முகம் தெரியாது. தொட்டிக்குள் வலை விடும் கையும், மலையாளத்தில் பேசும் குரலும் அக்காவுடையவை. மீனைப் பற்றி எந்தச் சந்தேகமானாலும் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்று ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் சொல்லும்.

பொய்யாக ஒரு சந்தேகம் தேடிக்கொண்டிருந்தபோதே மீனுக்கு நிஜமாக உடம்பு கெட்டது. வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. செல்வி படம் எடுத்து அனுப்பினாள். தமிழை மலையாள எழுத்தில் எழுதினாள். இருவரும் பள்ளியில் படித்தது அதுதான்.

மதியம், மிளகின் ஈரப்பதம் சோதிக்கும் அறையில் வேலையாக இருந்தபோது பதில் வந்தது. நல்லா இருக்கியா என்றுகூட இல்லை. வாங்கி எத்தனை நாள், தொட்டி எத்தனை லிட்டர், என்ன தண்ணீர் என்று மட்டும் கேட்டிருந்தது. பத்து நாள், பன்னிரண்டு லிட்டர், ஒரு நாள் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர். ஆய்வகப் பதிவேட்டில் எழுதுவதுபோல் செல்வி எழுதினாள். அடுத்த கேள்வி வந்தது:

"தீனி போடுறது ஆரு?"

விரல் நின்றது. போடுவது அப்பா. கொச்சங்காடி குடோனில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குனிவார். கையில் இருப்பதைப் பிய்த்துப் போட்டு, மீன் மேலே வருவதைப் பார்த்துச் சிரிப்பார். மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும் என்று வேதியியல் படித்த செல்விக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை. மூன்று வருடங்களில் அவர் எதன் முன்னாலும் அப்படிக் குனிந்து சிரித்ததில்லை.

'அப்பா' என்று எழுதி அனுப்பினாள்.

நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அன்று இரவும் இல்லை, மறுநாளும் இல்லை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். மீன் இன்னும் சாய்ந்தது.

அதற்கடுத்த நாள் காலை வந்தது: "அப்பாவ போட வேணாம்னு சொல்லு. பன்னுதானே பிச்சுப் போடுறாரு? மூணு நாள் பட்டினி. தினம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்து. ஒரு ஸ்பூன் கல்லுப்பு."

பன் என்று செல்வி எழுதவே இல்லை.

சாயங்காலம் அப்பா வழக்கம்போல் பன் பொதிந்த காகிதப் பொட்டலத்தோடு வந்தார். மூன்று நாளைக்கு எதுவும் போடக் கூடாதாம் என்றாள்.

"ஆரு சொன்னா?"

"மீன் கடையில."

"வாங்குன கடையா?"

"இல்லப்பா. திருப்பூணித்துறையில ஒரு கடை."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா பொட்டலத்தை மறுபடி மடித்தார். வெகுநேரம் மடித்தார்.

"பட்டினி போட்டா செத்துப் போகாதா? அவளுக்கு இதெல்லாம் அறியுமா?"

"நல்லாத் தெரியும்ப்பா."

அவர் குளிக்கப் போனார். அம்மா வந்து, என்னடி சொன்னாரு என்று கேட்டாள், ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தும்.

அடுத்த மூன்று சாயங்காலமும் அப்பா வெறுங்கையோடு வந்து தொட்டி முன்னால் நின்றார். மீனின் வயிறு வடிந்தது. நிமிர்ந்து நீந்தத் தொடங்கியது. நான்காம் நாள் அவர் நாற்காலியைச் செல்வியின் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"கேட்டியா?"

"என்னத்தப்பா?"

"இனி போடலாமான்னு. எம்புட்டு போடணும்னு கேளு." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் கேட்டேன்னு சொல்லு."

செல்வி அப்படியே எழுதினாள். பார்த்ததற்கான குறி உடனே விழுந்தது. மறுபக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அம்மா ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்ன சொல்லுதா?" என்றார் அப்பா.

"எழுதிட்டு இருக்காப்பா. எழுதுறா, அழிக்கிறா."

"எழுதட்டும்," என்றார். "மெதுவா எழுதட்டும்."