அவசரம் இல்லை

"மொதல்ல அந்த பொஸ்தகத்தையெல்லாம் எடு," என்றாள் ரூபா.

தலையணைக்கு அடியிலும் சுவரோரத்திலும் கிடந்தவற்றை ரோஹிணி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு நாவல் மாமனாரின் தோளுக்குக் கீழே சிக்கியிருந்தது. அவர் தம்பி நரசிம்மன் உடலை ஒருபக்கமாகத் தூக்கிப் பிடித்தார். அவள் இழுத்தாள். அட்டை மடங்கி வந்தது.

"இதுங்க மேலயா படுத்துக்கினு இருந்தாரு நைனா? முதுகு குத்தாது?"

ரூபா, ரோஹிணியின் கணவன் பவன்குமாரின் அக்கா. நாயுடுபேட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கேட்டுவிட்டு அழுதாள்.

மாமனார் தாமோதரன் விடியற்காலையில் இறந்திருந்தார். கஞ்சி கொண்டுபோன ரோஹிணிதான் முதலில் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கணவனை எழுப்பினாள்.

அவரை ஹாலில் குளிர்ப்பெட்டிக்கு மாற்றினார்கள். கட்டில் காலியானது. அறையில் அவளும் புத்தகங்களும் மட்டும். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

மயிலாடுதுறையிலிருந்து ஆந்திராவின் ஸ்ரீசிட்டிக்கு, ஒரு செல்போன் கம்பெனி வேலைக்கு வந்தவள் அவள். அங்கேதான் பவன்குமாரைப் பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. மாமியார் செங்கம்மாவுக்கு முழங்கால் வலி, ஆளைத் தூக்க முடியாது. ரோஹிணி வேலையை விட்டாள்.

வடமாலபேட்டையின் அந்த வீட்டில் பேச்சு தமிழ். படிப்பு தெலுங்கு. தமிழ் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. ஒரு மதியம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து தனக்காகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, உனக்கு மட்டுமா? வாய் வுட்டு படி," என்றார் தாமோதரன்.

அப்படி ஆரம்பித்தது. பெட்டியில் கொண்டுவந்தவை முடிந்ததும் புதியவற்றைத் தபாலில் வரவழைத்தாள். படித்து முடித்தால் பேசாமல் விட மாட்டார். திருப்பதி, சித்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நாவலில் வருகிறவர்களையும் பஸ்ஸில் ஏற்றித்தான் பார்ப்பார்.

மூன்று அண்ணன் தம்பிகள் வீட்டின் நடுவே சுவர் எழுப்பும் கதை ஒன்று. கல்லூரியில் படித்தபோது மூத்தவனை அவளுக்குப் பிடித்திருந்தது. சத்தமாகப் படிக்கும்போது பிடிக்கவில்லை.

"நல்லவன் நல்லவன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கு மாமா. அவன் என்ன பண்ணான்? பேசாம இருந்தான். அவ்வளவுதான். அவன் பேசாததுக்கு மத்தவங்கதான் கஷ்டப்படுறாங்க."

"டிக்கெட் எடுத்தவன்தாம்மா. ஆனா பக்கத்து சீட்ல பையை வெச்சிக்கினு ஜன்னலப் பாத்துக்கினு கீறான். நின்னுக்கினு இருக்கறவ கேட்டாதான் எடுப்பான்."

அவள் சிரித்துவிட்டாள். கல்லூரியில் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. உப்பளத்துக் கதை ஒன்றில் ஆசிரியர் மழையைப் பத்துப் பக்கம் வர்ணித்திருந்தார். "டிக்கெட் மிஷினு பாட்டரி தீந்துடும்மா, தாண்டிப் போ," என்றார். அவள் தாண்டவில்லை. அந்த மழை வந்ததும் உப்பு போய்விடும் என்றாள். அப்படியா என்று முழுவதும் கேட்டார்.

போன வருடம் பொங்கல் முடிந்த மறுநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். திருப்பதியில் எம்.ஏ. தமிழ் சேரலாமா, காலையில் போய் சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடலாம். பவன்குமார் அப்பாவைப் பார்த்தான். கட்டிலிலிருந்து அவர் சொன்னார்:

"அவசரம் இல்லம்மா."

"சரி மாமா," என்று அவள் சிரித்தாள். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். அன்றிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. ஊரிலிருந்து டிகிரி சான்றிதழை வரவழைத்து வைத்துக்கொண்டாள்.

ஹாலில் கூட்டம் சேர்ந்தது. தெலுங்கிலும் தமிழிலும் அழுதார்கள். வாசலில் பந்தல்காரன் ஆட்டோவிலிருந்து இன்னொரு அடுக்கு நாற்காலிகளை இறக்கினான்.

"அவசரம் இல்லப்பா," என்றார் நரசிம்மன்.

அவன் தலையாட்டிவிட்டு நாற்காலிகளைத் திரும்ப ஏற்றினான். ஆட்டோ கிளம்பியது.

காபி டம்ளர்களோடு வந்த ரோஹிணி கேட்டாள். "அக்கா, நாற்காலி திரும்ப எப்போ வரும்? மத்தியானம் ஜனம் வருமே."

"எதுக்கு வரும்? சின்ன நைனாதான் சொல்லிட்டாரே."

"அவசரம் இல்லன்னுதானே சொன்னாரு?"

"ஆமா. வேணாம்னு."

"அவசரம் இல்லன்னா மெதுவா வரட்டும்னுதானே?"

ரூபா அவளைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "உங்க ஊர்ல அப்டியா? ஐயோ. இங்க அவசரம்னா தேவை. தெலுங்குல அதான். நாங்களும் அதான் சொல்லுவோம். இத்தினி நாளா தெரியாதா உனக்கு?"

"தெலுங்குல தெரியும்," என்றாள் ரோஹிணி. "நீங்க தமிழ்ல பேசறப்போ தமிழ்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்ச போ."

டம்ளர்களை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவள் பின்பக்கம் போனாள்.

பவன்குமார் தண்ணீர்த் தொட்டி அருகே போனில் இருந்தான். "ஆ அன்னா. நாலுகு கண்டலகி." நாலு மணிக்கு எடுப்பதாக யாருக்கோ சொல்லி வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "இன்னா?"

"போன வருஷம் பொங்கலப்போ எம்.ஏ. பத்திக் கேட்டேனே. மாமா அவசரம் இல்லன்னாரே. அப்படின்னா என்ன?"

"இப்ப கேக்கறதா இது?"

"சொல்லுங்க."

"வேணாம்னுதான். நீகூட சிரிச்சிக்கினே சரின்னியே." அவன் குரல் இறங்கியது. "அம்மா ஊர் பூரா சொல்லிக்கினு இருந்தாங்க. படிச்ச பொண்ணு, ஒரு வார்த்த எதிர்த்துப் பேசலன்னு."

"அடுத்த வருஷம்னு நெனச்சேன்."

தொட்டியில் குழாய் சொட்டியது.

"அப்ளிகேஷன் குடுத்துட்டு இருக்காங்க. இந்த வாரம் கடைசி."

"ரோஹிணி, நைனா கெடக்காரு உள்ள." பிறகு சொன்னான், "இனிமே அம்மாவயும் தனியா வுட முடியாது. நான் ஷிப்டு போனா யாரு கீறாங்க?"

போன் அடித்தது. எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

நேற்று மாலை முடித்த நாவல் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பெண் ஊரை விட்டுப் போக வேண்டுமென்று ஆயுள் முழுவதும் நினைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஸ்டேஷன்வரை வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ரயிலை விட்டுவிடுகிறாள். ரோஹிணிக்குக் கோபம். எழுதினவர் பயந்துட்டாரு மாமா, அவளை ஏத்திவிட்டா அப்புறம் என்ன எழுதறதுன்னு அவருக்குத் தெரியல, என்றாள்.

"போயி இன்னா பண்ணப் போறா? வூட்ல இன்னா கொற அவளுக்கு?" என்றார் தாமோதரன்.

அவள் சிரித்தாள், அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று. அவரும் சிரித்தாரா? நினைத்துப் பார்த்தாள். முகம் வரவில்லை. போர்வையை இழுத்துவிட்டதுதான் வந்தது. அவரிடமே கேட்டிருக்கலாம். இன்று காலைவரை நேரம் இருந்தது.

நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்டி வேட்டி கட்டி வெளியே பாடையில் கிடத்தினார்கள். அவருக்குப் பிடித்ததை உடன் வைப்பது வழக்கம். ரூபா வெற்றிலையும் பாக்கும் வைத்தாள். யாரோ அவருடைய பழைய விசிலை வைத்தார்கள்.

செங்கம்மா நிமிர்ந்தாள். காலையிலிருந்து அவள் அதிகம் அழவில்லை. "ரோஹிணி, அந்த பொஸ்தகம் ஒண்ணு எடுத்தாம்மா. அது இல்லாம இருக்க மாட்டாரு மனுசன். எது நல்லா இருந்துச்சின்னு உனக்குத்தானே தெரியும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் வழி விட்டார்.

அறைக்குப் போனாள். புத்தகங்கள் வெற்றுக் கட்டிலில் அடுக்காக இருந்தன. மேலே இருந்தது அட்டை மடங்கியது. கையால் நீவினாள். திறந்தாள். முதல் பக்கத்தில் அவள் பெயரும் கல்லூரியின் பெயரும் அவள் கையெழுத்தில் இருந்தன. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது என்னுது இல்ல அத்தை," என்றாள். "லைப்ரரி புக்கு. எல்லாமே. திருப்பிக் குடுக்கணும்."

நரசிம்மன் கை நீட்டினார். கொடுத்தாள். தமிழ் படிக்கத் தெரியாத அவர் திறந்து, அந்தப் பெயரைப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

"கவுர்மெண்ட் புக்கு போல. வாணாம் அண்ணி," என்றார் செங்கம்மாவிடம்.

செங்கம்மா மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேட்டியின் விளிம்பைச் சரி செய்தாள். மேளம் தொடங்கியது. தூக்கினார்கள்.

ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். ரோஹிணி தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள், பிறகு விளக்குமாற்றை வாங்கித் தானே தள்ளினாள். மாமனாரின் அறையில் இரண்டு முறை ஊற்றினாள். செங்கம்மாவைக் குளிக்க வைத்து ஹாலின் மூலையில் உட்கார்த்தினார்கள். பதினாறு முடியும்வரை அவள் வாசல் தாண்டக் கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். "அதான் ரோஹிணி கீறாளே," என்றாள் ரூபா. "எனக்குப் பசங்களுக்கு ஸ்கூல்."

வெளிச்சம் இருக்கும்போதே சுடுகாட்டிலிருந்து திரும்பினார்கள். கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தண்ணீர் ஊற்றுவது வீட்டு மருமகள். ரூபா குடத்தை நிரப்பி அவள் கையில் கொடுத்தாள். அவள் வாசற்படியின் உட்பக்கம் நின்றாள்.

பவன்குமார் முதலில் வந்தான். மீசை எடுத்திருந்தான். வேறு ஆள் மாதிரி இருந்தான். ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. படிக்கு வெளியே நின்று வலது காலை முன்னால் வைத்தான். விரல்களுக்கிடையே செம்மண்.

அவள் குனியவில்லை.

"ஊத்து," என்றான் மெதுவாக.

அவனுக்குப் பின்னால் நரசிம்மன் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் தும்மினார். மூலையில் செங்கம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"ரோஹிணி," என்றான் மறுபடி.

குடம் விளிம்புவரை நிறைந்திருந்தது. அவள் அதை ஊற்றாமல் இடுப்பில் மாற்றிக்கொண்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.