யமுனா ஊற்ற மறுத்த வெர்மூத்

நான் சிடுமூஞ்சி என்பது திருச்சி கண்டோன்மெண்ட்டில் உள்ள எங்கள் ஹோட்டல் முழுக்கத் தெரியும். என் பெயர் ரெஜிஸ்; அங்கே இருபத்திரண்டு வருடமாக பாரை நடத்துகிறேன். எனக்குக் கீழே ஆள் நிலைத்ததே இல்லை. காபி ஷாப்பிலிருந்து யமுனா என்ற ஸ்ரீரங்கத்துப் பெண், பார்டெண்டர் ஆகியே தீருவேன் என்று கேட்டு வந்தபோது, ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஓடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் என் உயிரை வாங்கினாள். எந்தக் காக்டெயிலும் மேஜைக்குப் போகும் முன், ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்து ருசி பார்ப்பது பார் வழக்கம். இவள் மோந்து மட்டும் பார்ப்பாள்.

"ஏம்மா, நாக்கு சுட்டுடுமா?" என்று கேட்டேன்.

"அப்பா கல்யாணச் சமையல் பண்றவர் சார். ஐந்நூறு பேருக்குச் சமைச்சாலும், பெருமாளுக்குப் படைச்சுக் கண்டருளப் பண்றதுக்கு முன்னாடி ஒரு பருக்கை வாய்ல வைக்க மாட்டார். உப்பு சரியான்னு வாசனையிலயே சொல்லிடுவார். எனக்கும் அதே பழகிடுத்து."

"இங்க பெருமாள் இல்ல, கஸ்டமர்!" என்று எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் மாதம் அவளுக்குச் சோதனை வந்தது. ஜெனரல் மேனேஜர் அனுசுயா மேடம் எதிரில் அவள் பிஜூ என்ற காக்டெயிலைக் கலக்க வேண்டும். சரியாக வந்தால் பார்டெண்டர். இல்லையென்றால் பழையபடி காபி ஷாப்.

பிஜூ என்றால் பிரெஞ்சில் நகை. ஜின் வைரம், சிவப்பு வெர்மூத் மாணிக்கம், மூலிகைகள் போட்ட பச்சை லிக்கர் மரகதம் என்பார்கள். மூன்றும் சம அளவு. ஐஸோடு கிளறி வடிகட்டுவது. அந்தப் பச்சை லிக்கரைச் செய்பவர்கள் எங்கள் கத்தோலிக்கத் துறவிகள் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பாசம்.

பிற்பகல் மூன்று மணி. யமுனா ஜின்னை அளந்தாள். வெர்மூத் பாட்டிலைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

"இது ஊசிப் போயிடுத்து சார். ஊத்த மாட்டேன்."

மேடம் எதிரிலேயே! எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரக்கு எங்கயாவது ஊசிப் போகுமா? ஊத்தும்மா."

"மாட்டேன் சார்." கை நகரவில்லை.

கோபத்தில் நானே ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். அசல் வினிகர். வெர்மூத் ஒயின் வகை. திறந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். விஸ்கி விற்றே தலை நரைத்த எனக்கு அது தெரியவில்லை. கேட்பார் இல்லாத அந்த பாட்டிலைத் திறந்த கையோடு, விளக்கு எரியும் அலமாரியில், திருச்சி வெக்கையில், அழகுக்காக நாலு மாதம் நிறுத்தி வைத்திருந்தேன்.

"இந்த மாசம் கவுண்டர் யார் பொறுப்பு?" என்று மேடம் கேட்டார்.

யமுனாவின் பொறுப்பு. அவள் வாய் திறக்கவில்லை. நானும் பேசாமல் இருந்தால் பழி அவள் மேல் போகும், என் பெயர் தப்பிக்கும். ஒரு நிமிடம் அப்படித்தான் இருக்கப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"பாட்டிலை வெளில வச்சது நான்தான் மேடம்" என்றேன். "அது தப்புன்னே எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு காப்பாத்திடுச்சு."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். புது பாட்டில் வந்தது. யமுனா கலக்கினாள், மோந்தாள், கிளாஸை நீட்டினாள். மேடம் ஒரு மிடறு குடித்தார். அப்புறம் கேட்காமலே இன்னொரு மிடறு.

"நாளையிலேர்ந்து நீங்க பார்தாம்மா."

யமுனாவின் கண் நிறைந்துவிட்டது. "சார், அப்பாவுக்கு ஃபோன் பண்ணிட்டு வரட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ?"

"மோந்தே கண்டுபிடிச்சேன்னு சொல்லுவேன். என்னத்தைங்கறதை நேர்ல சொல்லிக்கறேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐந்து மணிக்கு முதல் விருந்தினர் உள்ளே வந்தார். பார் சாவியை யமுனாவிடம் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தில் வெளியே டீ குடிக்கப் போனேன்.