முயல்குட்டியும் என் வயிற்றெரிச்சலும்

கைக்குழந்தைகளைப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. வீறிட்டு அழுகிற குழந்தையைக்கூடக் கிலுகிலுப்பையை ஆட்டிச் சிரிக்க வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை ஓரங்கட்டியது, கண்ணாடி விரிசல் விட்ட போனில் என் மனைவி எடுத்த ஒரே ஒரு படம்.

காலையில் பாத்திரம் கழுவும்போது கொல்லையில் புல் அசைவதைப் பார்த்திருக்கிறாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற காட்டு முயல்குட்டி. அப்போதுதான் பிறந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகவே எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். நான் ஸ்டுடியோவில் யாருக்கோ பாஸ்போர்ட் படத்தில் காது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நம்ம வீட்ல உண்மையான போட்டோகிராபர் அண்ணிதான்!" என்று எழுதியிருந்தான் என் தம்பி. கூடப்பிறந்தவன்! மாமியார் வேறு கைதட்டலாக அனுப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சாயங்காலம் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, பெரிய லென்ஸோடு கொல்லையில் இறங்கினேன்.

"வேணாங்க. பொழுது சாயும்போதுதான் தாய் முயல் பால் குடுக்க வருமாம். நீங்க அங்க இருந்தா கிட்டயே வராது" என்றாள் மனைவி ஜன்னலில் இருந்து.

"ஒரு படம் எடுத்ததும் எனக்கே சொல்லித்தர்றியா? நீ உள்ள போ."

மண்ணில் குப்புறப் படுத்தேன். ஸ்டுடியோவில் பழகிய வாய் சும்மா இருக்குமா? "இங்க பாரு கண்ணு, மாமாவப் பாரு" என்று கொஞ்சினேன். குட்டி அசையவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எத்தனை எடுத்தும் அவளுடைய படத்துக்குக் கிட்டே வரவில்லை.

பையில் போன் அதிர்ந்தது. அவள்தான், எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குப்புறக் கிடக்கிற நான். எனக்கு முன்னால் குட்டி. பின்னால், வேலி ஓட்டையில், காதை விடைத்துக்கொண்டு தாய் முயல். 'ரொம்ப நேரமா நிக்குது' என்று கீழே எழுதியிருந்தாள்.

திரும்பினால் ஓடிவிடும். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஊர்ந்தே வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

சமையலறையில் அவள் விளக்குகூடப் போடாமல் நின்றிருந்தாள். போன் மேடையில் கிடந்தது.

"வந்துடுச்சுங்க! பால் குடிக்குது, ஓடி வாங்க" என்று கிசுகிசுத்தாள்.

நான் போகவில்லை. அவள் அனுப்பிய படத்தில் ஏதாவது ஒரு குறை இருக்காதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.