நாற்பது சென்டிமீட்டர்

என் வீட்டுக்காரர் கட்டடங்களின் உள்கூரைக்குப் பெயிண்ட் அடிப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அண்ணாந்துதான் பிழைப்பு. கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துகிற மாதிரி ஆளே முழுசாகத் திரும்புவார்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். கழுத்துச் சுற்றளவு நாற்பது சென்டிமீட்டரைத் தொட்டவர்களுக்குக் கழுத்தெலும்பு தேய வாய்ப்பு அதிகமாம். அவர்களைச் சாரத்திலிருந்து இறக்கி, கீழே ஸ்டோரில் பெயிண்ட் கலக்க உட்கார வைப்பார்களாம். முதல் ஆளாக இறங்கியது, குண்டு என்று எல்லாரும் கூப்பிடுகிற இவருடைய கூட்டாளி. அவனுக்கு ஒரு நாளும் கழுத்து வலித்ததில்லை. தனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே டேப் வைத்த அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். கொடுத்து வைத்தவன்.

என் வீட்டுக்காரர் கழுத்து முப்பத்தேழுதான்.

"வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றேன்.

"அப்படிச் சொன்னவன் எல்லாம் இப்ப வேலை போயி வீட்டுலதான் உக்காந்திருக்கான். மூணு சென்டிமீட்டர்தானே, சாப்பிட்டே ஏத்திடலாம்."

மூன்று மாசம் சாப்பிட்டார். காலையில் நாலு முட்டை, மத்தியானத்துக்கு இரண்டு டப்பா சோறு, ராத்திரி பாலும் பழமும். நானும் வேலைக்குப் போகிறவள்தான். பள்ளிக்கூடத்தில் பதினாலு அறை பெருக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுந்து இந்த மனுஷனுக்கு ஆக்கிப் போட்டுப் போட்டு எனக்கு நாக்குத் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல் டேப்பை எடுத்துக் கழுத்தில் சுற்றுவேன்.

"இறுக்காதடி."

"நான் எங்க இறுக்குறேன்? முதல்ல மூச்ச விடுங்க."

தின்றதெல்லாம் வயிற்றிலேயே குடியேறிவிட்டது. மேலே ஏற அதற்கு மனசே வரவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் வலி என்று வாயே திறக்க மாட்டார். நர்ஸ் எடை பார்த்தாள். எட்டு கிலோ கூடியிருந்தது. கழுத்தை அளந்தாள். முப்பத்தெட்டரை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், இன்னொரு தடவையும் அளந்தாள். அதே முப்பத்தெட்டரை.

"நீங்க போகலாம்" என்று ஃபைலை மூடப்போனவள், அவர் எழுந்து திரும்பியதைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏண்ணா, ஒடம்போட திரும்புறீங்க? கழுத்து வலிக்குதா?"

அவளுடைய படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. அவளாகக் கேட்டாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்லங்க மேடம்" என்றார் இவர், பட்டென்று.

யோசித்துச் சொன்னதல்ல. மறைத்து மறைத்து வாய் அப்படிப் பழகிவிட்டது.

"பொய் சொல்றாரும்மா. சட்டை மாட்டக்கூட நான்தான் கை குடுக்கணும்" என்றேன்.

"அவரே சொல்லணும்மா. சொன்னாத்தான் நான் டாக்டருக்கு எழுத முடியும்."

"சொல்லுங்க" என்றேன். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று இவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இவர் மேஸ்திரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"கொஞ்சம்" என்றார்.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். "கொஞ்சம்னா பரவாயில்லண்ணா. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

பஸ்ஸில் எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இரண்டையும் வெளியே விட உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் காலையில் அந்த எட்டு கிலோவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவர் சாரத்தில் ஏறினார்.